பூதவாதிக்கோர் இருக்கை

மங்கலம்பேட்டையிலே பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளைஞன், கல்லூரி விண்ணப்பத்தைக் கையிலே வைத்துக்கொண்டு நிற்பதாக எண்ணிப் பாருங்கள், தோழர்களே! "என்ன பாடம் எடுக்கப் போகிறாய், தம்பி?" என்கிறார் அண்டை வீட்டுப் பெரியவர். "தத்துவம்" என்கிறான் அவன். "தத்துவமா! காவி கட்டப் போகிறாயா?" என்று நகைக்கிறார் அவர். படிப்பகத்துத் தோழனிடம் சொல்கிறான். அவனும் நகைக்கிறான்: "வேதாந்தம் படிக்கவா இவ்வளவு நாள் பகுத்தறிவு பேசினாய்?"

பெரியவர் பக்தர், தோழன் நாத்திகன். ஆனால் இருவர் நகைப்பும் பிறந்த இடம் ஒன்றே. தத்துவம் என்பது மதத்தின் சொத்து என்று இருவருமே எண்ணிவிட்டனர்! அந்தப் பட்டாவை எழுதிக் கொடுத்தவர் யார்? வரலாற்றைப் புரட்டுவோம்.

தமிழிலே தத்துவ வகுப்பறையைக் காண விரும்புவோர் மணிமேகலையைத் திறக்கட்டும். வஞ்சி மாநகரிலே மணிமேகலை பதின்மரிடம் பாடம் கேட்கிறாள். அளவைவாதி முதலாக ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன் எனத் தொடரும் அந்த வரிசையின் கடைசியிலே நிற்பவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடப் போதை பிறப்பது போலப் பூதங்கள் கூட உணர்வு பிறக்கிறது. கண்ணால் கண்டதே மெய். மறுமை என்பது பொய்! இது அவன் வாதம். பௌத்தம் பாட வந்த சாத்தனார், தமக்கு ஒவ்வாத அவனுக்கும் பேச வாய் தந்தார். அது பெருந்தன்மை.

ஆனால் அந்த வகுப்பறைக்கும் ஒரு வாயிற்காவல் இருந்தது. இளம்பெண் என்று கண்டால் எவரும் பொருள் உரைக்கமாட்டார் என்பதற்காக, மாதவன் வடிவெடுத்துத்தான் மணிமேகலை உள்ளே செல்ல நேர்ந்தது. அறிவைக் கேட்க ஒரு பெண் தன் உருவையே மறைக்க வேண்டியிருந்தது! கற்பனைக் காப்பியந்தான், எனினும் அது காட்டும் கதவு கற்பனையன்று.

மங்கலம்பேட்டைக்கு அருகே வருவோம். விருத்தாசலத்தை அடுத்த பெண்ணாகடம் மெய்கண்டார் பிறந்த ஊர் என்பது மரபு. 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதம் 12 நூற்பாக்களே கொண்டது. பண்ணுருட்டிப் பக்கத்துத் திருத்துறையூர் அருணந்தியார், சிவஞான சித்தியாரிலே அளவை இலக்கணத்தை உரைத்து, பரபக்கத்திலே பிறர் கொள்கைகளை நிறுத்தி மறுத்தார். தில்லையை அடுத்த கொற்றவன்குடி உமாபதியார் 1313இல் சங்கற்ப நிராகரணம் எழுதினார். அவர்கள் முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று படிப்படியாக வாதிட்ட முறையை மறுப்பானேன்? ஆதிசைவர் அருணந்தியார் வேளாளர் மெய்கண்டாரிடம் மாணவரானார் என்பது மரபுரை. பிறப்பைக் கேளாது அறிவைக் கேட்ட அந்தக் கதையைப் போற்றிய வழியிலேயே, பின்னர் எழுந்த மடங்கள் மீண்டும் சாதிக் கதவைச் சாத்திக்கொண்டன. வாதம் வழிபாடாயிற்று, வினா விடுபட்டுப் போயிற்று!

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது. பிறப்புக் காவலன் சற்றே விலகினான். பணமும் ஆங்கிலமும் காவலுக்கு வந்தன. சென்னைக் கிறித்துவக் கல்லூரி மாணவர் இராதாகிருஷ்ணன் தத்துவம் எடுத்தது எப்படி? உறவினர் ஒருவர் படித்து முடித்த நூல்கள் இலவசமாகக் கிடைத்தமையால்! வெல்டனின் அளவையியல், ஸ்டவுட்டின் உளவியல், மெக்கன்சியின் அறவியல் ஆகிய மூன்றே அவை. எப்படிச் சிந்திப்பது, சிந்திக்கும் மனம் எத்தகையது, எப்படி வாழ்வது எனும் மூன்று வினாக்கள். அதுவே தொடக்க வகுப்பு. 1908இல் முதுகலைக்காக வேதாந்த அறவியலைப் பற்றி அவர் ஆய்வுரை எழுதினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பு அது. அதைப் பாராட்டிச் சான்று தந்தவர் யார்? கிறித்துவ ஆசிரியர் ஆ. ஜி. ஹாக்! தன் சமயத்தாரின் கருத்தை மறுக்கும் மாணவனையும் வாதத்தின் வலிமைக்காகப் பாராட்டுவது. பல்கலைக்கழகம் என்ற பெயருக்குப் பொருள் அதுவன்றோ?

1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துறை தோன்றியது. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1964இல் சென்னைத் துறை உயராய்வு மையமாயிற்று. வேதாந்தத்துக்கு அங்கே விரிந்த இடம் கிடைத்தது. பூதவாதிக்கு? மறுக்கப்படுவதற்காக மட்டும் நிறுத்தப்படும் பூர்வபக்க இருக்கை! உலகாயதரின் மூலநூல்கள் மறைந்தன. பகைவர் எழுதிய மறுப்புகளிலேதான் அவர் குரலைக் கேட்கிறோம். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முந்திய ஜயராசியின் நூல், காட்சி அளவையையும் விடாது எல்லா அளவைகளையும் ஐயுறும் நூல், 1940இல்தான் பரோடாவில் அச்சேறியது. உலகாயதத்தை ஆராய்ந்து தேவிபிரசாத் சட்டோபாத்தியாயா விரிந்த நூல் தந்தது 1959இல்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியிலோ, 1882 முதல் 1888 வரை சென்னை இலௌகிகர்கள் ஒரு வார ஏடு நடத்தினர். அதன் பெயரைக் கேளுங்கள்: தத்துவ விவேசினி! தத்துவம் எங்களுடையதும்தான் என்று அன்றே உரிமை கோரினர் அந்த நாத்திகர்கள். நம் படிப்பகத்துத் தோழன் அந்த உரிமையை எள்ளி நகையாடிக் கைவிடலாமா?

தோழனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டதே மெய் என்ற பூதவாதியை நோக்கி மணிமேகலை நகைத்தாள்: கருதலை மறுத்தால், உன் பெற்றோர் இன்னார் என்று எப்படி அறிந்தாய்? கூரிய வினா! பட்டயத்தைக் காட்டி அதை மறுக்க இயலாது; முழக்கத்தாலும் இயலாது. புரந்தரர் என்ற உலகாயதர் விடை தேடினார்: உலக அனுபவத்துக்கு உட்பட்ட கருதலை ஏற்போம், அனுபவம் எட்டாத மறுமைக்கு அதை நீட்டமாட்டோம் என்றார். எதிரியின் அடியால் தன் வாதத்தைத் திருத்திக்கொண்ட அந்தத் துணிவுதான் பகுத்தறிவு! காட்சியையும் கருதலையும் இணைத்துத்தானே இன்றைய அறிவியலும் நடக்கிறது?

ஆகவே, தம்பி, விண்ணப்பத்தை நிரப்பு. முதல் வகுப்பிலே அளவையியல் கற்று, சொந்தக் கட்சியின் வாதத்திலும் ஓட்டை காணப் பழகு. இளங்கலையிலே வென்றவனையும் தோற்றவனையும் ஒருங்கே படி. முதுகலையிலே, தோற்றவன் குரல் ஏன் மறைந்தது என்று மூலத்தைத் தேடு. கற்றதைத் தமிழிலே எழுது. ஆங்கிலம் அறியாத உன் ஊராரும் வாதத்தில் பங்குபெறட்டும்.

பெரியவர் நகைப்பார், நகைக்கட்டும். தோழன் நகைத்தால் மட்டும் அவனை அமர்த்திக் கேள்: "மணிமேகலையின் வினாவுக்கு உன் விடை என்ன?"