கரைவதற்கென்றே கட்டிய பள்ளிவாசல்

டிம்பக்டுவின் ஜிங்கெரேபேர் பள்ளிவாசலைப் படத்தில் முதலில் பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்வி: சுவரெல்லாம் எதுக்கு இத்தனை கட்டை துருத்திக்கிட்டு நிக்குது? அலங்காரம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது சாரம். மண்சுவர் மழையில் கரையும். கரைந்ததை ஊர் கூடித் திரும்பப் பூசும். பூசுகிறவர்கள் ஏறி நிற்பதற்கான கட்டைகளைச் சுவரோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். தான் கரைவேன் என்று ஒப்புக்கொண்டு நிற்கிற கட்டடம் அது.

சகாராவின் தெற்கு விளிம்பில், நைஜர் ஆறு வளைகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். ஒட்டகம் நிற்கும் இடம், படகு கிளம்பும் இடம். வடக்கே தகாசா சுரங்கங்களிலிருந்து உப்புப் பாளம் வரும், தெற்கேயிருந்து தங்கம் வரும். 1324-இல் மக்காவுக்குப் போன மாலிப் பேரரசர் மன்சா மூசா, கெய்ரோவில் தங்கத்தின் விலையே சரியும் அளவுக்கு வாரி இறைத்தார். திரும்பும்போது கிரானடாவின் கவிஞர் அபூ இஸ்ஹாக் அல்-சாஹிலியையும் அழைத்துவந்தார். 1327 வாக்கில் ஜிங்கெரேபேரைக் கட்டியவர் அவர்தான் என்பது வழக்கமான கதை. எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அவர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நைஜர் கரையில், ஜென்னே-ஜெனோவில், மண்கல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கவிஞரின் பெயர் நிலைத்துவிட்டது. மண் குழைத்த கொத்தனார்களின் பெயர் எங்கே?

அந்தச் சந்தையில் புத்தகமும் சரக்குதான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போன லியோ ஆப்பிரிக்கானஸ், மற்ற எந்தச் சரக்கையும்விடப் புத்தகத்தில்தான் லாபம் அதிகம் என்று எழுதிவைத்தார். சங்கோரே பள்ளிவாசலைச் சுற்றி ஆசிரியர்களின் வீடுகளே வகுப்பறைகள். ஒரு நூலை ஒரு ஆசிரியரிடம் முழுக்கப் படித்து முடித்தால், அதைக் கற்பிக்க அவரே அனுமதி தருவார். அதற்குப் பெயர் இஜாஸா. நூல்களைப் படியெடுக்கக் கூலிக்கு ஆள் இருந்தார்கள்.

1591-இல் மொராக்கோவின் துப்பாக்கிப் படை சொங்காய் அரசை வீழ்த்தியது. சில ஆண்டுகளில் அறிஞர் அகமது பாபாவைச் சங்கிலியிட்டு மராகேஷுக்குக் கொண்டுபோனார்கள். 1600 புத்தகங்களை இழந்தேன், என் உறவினர்களில் என்னிடம்தான் குறைவாக இருந்தது என்றாராம். குறைவே அவ்வளவுன்னா!

2012-இல் ஆயுதக் குழுக்கள் ஊரைப் பிடித்து, இறைநேசர்களின் அடக்கத்தலங்களைக் கடப்பாரையால் இடித்தன. 2013 ஜனவரியில் தப்பி ஓடும்போது, அகமது பாபா பெயரிலான நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சுவடிகளுக்குத் தீ வைத்தன. ஆனால் பெரும்பகுதிச் சுவடிகள் அதற்குள் பெட்டி பெட்டியாக, ரகசியமாக, பமாகோ போய்ச் சேர்ந்திருந்தன. பாலைவனத்தின் வறண்ட காற்றில் பிழைத்த தாள்களுக்கு அங்கே வேறொரு எதிரி: ஈரம். இடிந்த அடக்கத்தலங்களை உள்ளூர்க் கொத்தனார்களே திரும்பக் கட்டினார்கள்.

அந்த ஊரில் எதுவும் தானாக நிலைப்பதில்லை. சுவருக்குப் பூச்சு, புத்தகத்துக்குப் படி. செய்கிற கை இருக்கும்வரை இரண்டும் இருக்கும். அதனால்தான் அங்கே கட்டடம் இடிவதைவிட, ஊரை விட்டு ஆட்கள் கிளம்புவது எனக்குப் பெரிய பயமாகத் தெரிகிறது.