கோல் போட்டவர் பெயரும் தடுத்தவர் பெயரும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பாலக்கோட்டில் ஒரு கல்யாணத்தில் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். ஓசூரில் வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளைகள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள், "டீச்சர், அந்த ஹேண்ட்பால் நோட்டு இன்னும் வச்சிருக்கீங்களா? அதுல என் பேரு இருக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டைப் புரட்டினேன். இல்லை.

ஹேண்ட்பாலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே ஒரு சிக்கல். நம் பத்திரிகைகள் வாலிபாலுக்குக் கைப்பந்து என்று பெயர் வைத்துவிட்டன. அதனால் இதற்கு ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள ஆடுகளம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது. பெரிய ஆட்டங்களில் ஒரு அணியே 25, 30 கோல் போடும். கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்குத் தலை சுற்றும்.

நம் நாட்டில் இதற்கு சம்மேளனம் வந்ததே 1972-இல்தான். ஆசிய விளையாட்டில் ஹேண்ட்பால் முதலில் சேர்க்கப்பட்டது 1982-இல், நம் டெல்லியில். தங்கம் சீனாவுக்குப் போனது. இந்தியப் பெண்கள் நிமிர்ந்து நின்றது வெகு காலம் கழித்துத்தான். 2022 மார்ச்சில் கஜகஸ்தானின் அல்மாட்டியில் நடந்த ஆசிய ஜூனியர் மகளிர் போட்டியில் முதல்முறையாக நாம் சாம்பியன் ஆனோம். ஹிமாச்சலின் மோர்சிங்கி என்ற சிறு கிராமத்தில் பயிற்சி பெற்ற பெண்கள் அந்த அணியில் இருந்தார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

உலகப் போட்டிகளில் அதிக கோல் போட்டவர் பட்டியலை எடுத்தால், ஆசியாக்காரர் ஒருவர் தனியாகத் தெரிவார். தென்கொரியாவின் யூன் கியுங்-ஷின். ஆறரை அடிக்கு மேல் உயரம். 1995-இல் ஐஸ்லாந்தில் நடந்த உலகப் போட்டியில் 86 கோல். 1997-இல் ஜப்பானின் குமமோட்டோவில் 62 கோல். இரண்டு முறையும் அவர்தான் முதலிடம். ஜெர்மனி லீக்கில் 2905 கோல் போட்டார். டென்மார்க்கின் ஹான்ஸ் லிண்ட்பெர்க் வந்துதான் அதைத் தாண்டினார். உலகப் போட்டியில் அவருடைய 86-ஐத் தாண்ட 14 வருடம் ஆனது. 2009-இல் குரோஷியாவில் மாசிடோனியாவின் கிரில் லாசரோவ் 92 கோல் போட்டார்.

நான் கணக்குப் பாடம் எடுத்தவள், அதனால் இதையும் பார்த்தேன். 86 போட்டபோது கொரியாவுக்குப் பதக்கம் இல்லை. 92 போட்டபோது மாசிடோனியாவுக்கும் இல்லை. இரண்டு கோப்பையும் பிரான்சுக்கே. யூன் ஐந்து ஒலிம்பிக் ஆடினார், 2012 லண்டனில் நாட்டுக் கொடியையே ஏந்திப் போனார், ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட வாங்கவில்லை. அதற்காக இதை விதியாகச் சொல்லிவிட முடியாது. டென்மார்க்கின் மிக்கல் ஹான்சன் 2019-இல் 72 கோல் போட்டார், கோப்பையும் வாங்கினார். அதே நாட்டின் மதியாஸ் கிட்செல் 2023-இலும் 2025-இலும் அப்படியே. ஆனால் அந்த டென்மார்க் அணியில் கோல் கம்பத்தின் முன் நின்றவர் நிக்லஸ் லாண்டின் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் (2025-க்குள் அவர் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்).

உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது 1988-இல் தொடங்கியது. 2001-ஆம் வருட விருது ஆண்களில் நம் யூனுக்கு. பெண்களில் நார்வேயின் சிசிலி லேகாங்கருக்கு. அவர் கோல்கீப்பர்! பெண்களில் அந்த விருதை வாங்கிய முதல் கோல்கீப்பர். ஆண்களில் முதல் கோல்கீப்பர் ஜெர்மனியின் ஹென்னிங் ஃப்ரிட்ஸ், 2004-இல். அந்த வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக் காலிறுதியில் ஸ்பெயினோடு ஆட்டம் ஏழு மீட்டர் எறிதல் வரை இழுத்துப் போனபோது ஜெர்மனியைக் கரை சேர்த்தவர் அவர்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்திலிருந்து பந்து பறந்து வரும். கையுறை கிடையாது.

இனி நம் கதை. 1997. கிருஷ்ணகிரி அப்போது நம் தர்மபுரி மாவட்டத்தோடுதான் இருந்தது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. இடைநிலை ஆசிரியையான நானே விதிப்புத்தகம் படித்துப் பிள்ளைகளைத் தயார் செய்தேன். கிருஷ்ணகிரி பக்கத்து அணியை ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். கோல் விழ விழ நோட்டில் பெயர் எழுதினேன். அதிகம் போட்ட பிள்ளைக்கு மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எவர்சில்வர் டம்ளர், கைதட்டல். கோல் கம்பத்தில் நின்றவள் இரண்டு முழங்கையும் சிராய்த்து, பாவாடையெல்லாம் செம்மண்ணாக வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் விடாமல் தடுத்த பந்துகளுக்கு என் நோட்டில் கட்டமே இல்லை. போடத் தோன்றவும் இல்லை.

கல்யாணத்தில் கேட்டவள் அவள்தான். 28 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

நேற்று அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புதுக் கட்டம் போட்டு அவள் பெயரை எழுதினேன். எண்ணிக்கை இடம் காலியாக இருக்கிறது. அன்று வரப்பு ஓரம் நின்று பார்த்தவர்களில் யாருக்காவது அவள் எத்தனை பந்து தடுத்தாள் என்று நினைவிருந்தால் சொல்லுங்கள் கண்ணுகளா. பென்சிலால் எழுதி வைக்கிறேன்.