காற்றும் சிற்பமும்: கால்டர் கலை பற்றிய ஓர் ஆய்வு

சிற்பத் தொழிற்கு உறுப்பாகும் பொருள்கள் பத்து எனத் திவாகர நிகண்டு வகுத்துரைக்கும். கல் முதலாக மெழுகு ஈறாக அமைந்த அப்பட்டியலுள் மரமும் சுதையும் தந்தமும் இடம்பெறும், காற்று இடம்பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டில் காற்றையே சிற்பத்தின் உறுப்பாக்கிப் பெரும்புகழ் எய்தியவர் அமெரிக்கச் சிற்பி அலெக்சாந்தர் கால்டர் (1898–1976) ஆவர். அவர்தம் படைப்புகள் வகையாற் பல. அவற்றைப் பிணிக்கும் பொதுவியல்பு யாது என்பதும், நம் சிற்ப மரபின் நோக்கில் அவற்றிற்கு இடமுண்டோ என்பதும் ஈண்டு ஆராயப்பெறும்.

கால்டரின் பாட்டனாரும் தந்தையாரும் சிற்பிகள், தாயார் ஓவியர். எனினும் அவர் முதலிற் பயின்றது இயந்திரப் பொறியியலே. 1919-இல் அப்பட்டம் பெற்ற பின்னரே கலைக்குத் திரும்பினார். 1926-இல் பாரிசு சென்று, கம்பி, துணி, தக்கை முதலியவற்றால் ஒரு சிறு சர்க்கசு அமைத்துத் தம் கையாலேயே ஆட்டிக் காட்டினார். கம்பியொன்றையே வளைத்து மாந்தர் உருவங்களையும் ஆக்கினார். 1930-இல் ஓவியர் மோந்திரியானின் பணிக்கூடத்திற் கண்ட வண்ணக் கட்டங்கள், இவை அசைந்தால் எவ்வாறிருக்கும் என்னும் எண்ணத்தை அவர்பால் எழுப்பின. அதன் விளைவாகத் தோன்றிய அசையும் படைப்புகட்கு 1931-இல் மார்செல் துசாம் 'மொபில்' எனப் பெயரிட்டார். பிரெஞ்சு மொழியில் அச்சொல் அசைவையும் உள்நோக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அசையாதவற்றிற்கு மறு ஆண்டில் ஆர்ப் என்பார் 'இசுதபில்' எனப் பெயர் தந்தார். இவற்றை முறையே அசைசிற்பம், நிலைசிற்பம் எனத் தமிழில் வழங்கலாம்.

அசைசிற்பத்தின் அமைப்பு துலாக்கோலின் அமைப்பே. பள்ளங்கி முதலிய பழனிமலை ஊரார்க்குக் காவடி புதிதன்று. இரு குன்றுகளை ஒரு தண்டிற் கோத்துச் சுமந்த இடும்பன் கதை வழங்கும் நிலம் அது. காவடியின் இருபுறமும் எடை ஒத்தது. கால்டரின் கம்பியிலோ எடையும் ஒவ்வாது, கையின் நீளமும் ஒவ்வாது. மூன்று பங்கு எடையுள்ள தகடு தொங்குபுள்ளியிலிருந்து ஒரு விரல் தொலைவில் நிற்பின், ஒரு பங்கு எடையுள்ள தகடு மூன்று விரல் தொலைவில் நிற்கும். இது நம் வணிகர் கையாண்ட வெள்ளிக்கோலின் நெறியாம். கடைக்கோடிச் சிறு தகட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாக மேல்நோக்கிச் சமன் செய்து செல்வதே அவர் முறை. ஆதலின், மெல்லிய காற்று ஒரு தகட்டைத் தொடினும் முழுவதும் தன் நிலை மாறி, மீண்டும் சமநிலை தேடும்.

இந்நெறி பிறவகைப் படைப்புகளிலும் தொடர்கின்றது. 1937-ஆம் ஆண்டின் பாரிசுக் கண்காட்சியில் அவர் அமைத்த ஊற்றில் நீருக்கு மாறாகப் பாதரசம் ஓடியது. உலோகம் அரிதாகிய போர்க்காலத்தில், 1943-இல், மரத்துண்டுகளைக் கம்பியாற் பிணைத்தார். காரகாசுப் பல்கலைக்கழகப் பேரவையின் கூரையில் ஒலியைச் சீர்ப்படுத்தும் மேகவடிவப் பலகைகளை அமைத்தார். சிகாகோவில் 1974-இல் நிறுவப்பெற்ற செந்நிற 'பிளமிங்கோ' ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடையது, அசையாதது, எனினும் அதன் வளைவுகளுக்கிடையே நடப்பார்க்குத் தோற்றம் மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டுச் சிற்பம் அசைதல் ஒழிந்து காண்போர் அசைகின்றனர்.

இந்தியாவிற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கீரா சாராபாயின் அழைப்பை ஏற்று 1955-இல் கால்டர் அகமதாபாத்துக்கு வந்து, அங்கேயே தங்கி அசைசிற்பங்களையும் அணிகலன்களையும் படைத்தார். தமிழகத்தில், 1966-இல் சென்னையருகே தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சார்ந்த பி. வி. ஜானகிராம், உலோகத் தகட்டைக் கொண்டு தெய்வ உருவங்களை ஆக்கினார். ஒருவர்வழி மற்றவர் வந்தார் என்பது எம் கருத்தன்று. கனமான பிண்டத்தைச் செதுக்கியே சிற்பம் ஆதல் வேண்டும் என்னும் வரையறையை இருவரும் கடந்தனர் என்பதே கருதத்தக்கது.

கால்டர் படைப்புகளை விளையாட்டுப் பொருள் என்று தள்ளுவாரும் உளர். அக்கருத்தால் விளையும் தீங்கிற்கு ஒரு சான்று காட்டுவாம். 'பிட்சுபர்க்' என்னும் 1958-ஆம் ஆண்டின் அசைசிற்பம் கறுப்பும் வெள்ளையுமாக ஆக்கப்பெற்றது. பின்னர் அது மாவட்ட ஆட்சியின் உடைமையாகி விமான நிலையத்தில் தொங்கியபோது, அம்மாவட்டத்திற்குரிய பச்சையும் பொன்னிறமும் அதன்மீது பூசப்பெற்றன. பழைய நிறம் நெடுங்காலம் கழித்தே மீண்டது. கலையென ஏலாதாரே அதனை அலங்காரமெனக் கொண்டு மாற்றத் துணிவர். ஒரு பொருளை எவ்வகையுள் அடக்குகின்றோம் என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அப்பொருளின் வாழ்வே அதனைப் பொறுத்தது.

நிகண்டு தன் காலத்துத் தொழிலைக் கண்டு வரைந்தது. பின்வரும் தொழிலைத் தடுத்தற்கு வரைந்ததன்று. இலக்கியங் கண்டதற்கு இலக்கணம் என்பது நம் முன்னோர் கொள்கை. அக்கொள்கைவழி நோக்கின், பத்தோடு காற்றையும் பதினோராம் உறுப்பாகச் சேர்த்தல் மரபிற்கு மாறன்று என்பது எம் துணிபு. கோயிற் கல்லோடும் செப்புத் திருமேனியோடும் நின்றுவிடும் நம் சிற்ப ஆராய்ச்சி, தகடும் கம்பியும் கொண்டு உழைத்த தமிழ்ச் சிற்பிகளையும் தழுவி வளர்தற்கு இத்துணிபு வழிசெய்யும்.