இதிகாசங்களில் பாண்டிய நாடு

மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பாண்டியர் வடமொழி இதிகாசங்கள் இரண்டிலும் இடம்பெறுகின்றனர். குரு, பாஞ்சாலம், சூரசேனம், கோசலம் போன்ற கங்கை, யமுனைச் சமவெளி நாடுகளே அக்கதைகளின் முதன்மைக் களம். பாண்டிய நாடு அவற்றில் தென்கோடியில், முத்துக்கும் சந்தனத்துக்கும் பேர்போன செல்வ நாடாகக் காட்டப்படுகிறது.

இராமாயணக் கிட்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடித் தெற்கே செல்லும் அனுமன், அங்கதன் முதலியோருக்குச் சுக்கிரீவன் வழி சொல்கிறான். சோழ, பாண்டிய, கேரள நாடுகள், காவிரி, அகத்தியர் வாழும் மலயமலை, தாமிரபரணி ஆகியவற்றைச் சொல்லி, பொன்னும் முத்தும் இழைத்த பாண்டியர் கவாடத்தைக் குறிப்பிடுகிறான். அதற்கு அப்பால் கடல். இந்தப் பகுதியில் மதுரையின் பெயர் இல்லை. இறையனார் களவியல் உரை இரண்டாம் சங்கம் இருந்த இடமாகக் கூறும் கபாடபுரமே இந்தக் கவாடம் என்பர் சிலர். கோட்டை வாயில் மட்டுமே என்பர் வேறு சிலர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் முத்து வகைகளைப் பட்டியலிடும்போது தாமிரபரணி முத்தையும் பாண்டிய கவாட முத்தையும் சேர்க்கிறது.

மகாபாரதத்தில் பாண்டியர் பலமுறை வருகின்றனர். திரௌபதியின் சுயம்வரத்துக்கு வந்த அரசர்களுள் பாண்டியனும் ஒருவன். தருமரின் இராசசூய வேள்விக்காகத் தென்திசை சென்ற சகாதேவன், தூதரை அனுப்பியே பாண்டியரிடம் திறை பெறுகிறான். சோழரும் பாண்டியரும் பொற்குடங்களில் மலயமலைச் சந்தனம் கொணர்ந்ததாகச் சபா பருவம் கூறுகிறது. வன பருவத்தின் தீர்த்த வரிசையில் பாண்டிய நாட்டுக் குமரி இடம்பெறுகிறது.

குருச்சேத்திரப் போரில் பாண்டியன் பாண்டவர் பக்கம் நிற்கிறான். துரோண பருவத்தில் அவன் பெயர் சாரங்கத்துவசன். தந்தையைக் கண்ணன் கொன்றதால் துவாரகையை அழிக்க நினைத்தவன், நண்பர்கள் அறிவுரை கேட்டுப் பகையைக் கைவிட்டான் என்கிறது அப்பருவம். கர்ண பருவத்தில் பாண்டியன் மலயத்துவசன் எனப்படுகிறான். அசுவத்தாமனுடன் அவன் பொருதும் காட்சி விரிவானது. எட்டெட்டு எருதுகள் பூட்டிய எட்டு வண்டி நிறைய இருந்த அம்புகளை அசுவத்தாமன் பகலின் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் எய்து தீர்க்கிறான். தேர் இழந்த பாண்டியன் யானை ஏறி, வேலெறிந்து எதிரியின் மகுடத்தை உடைத்து, முடிவில் அவன் அம்புகளால் மடிகிறான்.

தமிழகமும் தன் பங்குக்கு இதிகாசத்தைப் பாண்டிய வரலாற்றோடு இணைத்துக்கொண்டது. அருச்சுனன் மணந்த சித்திராங்கதை வில்லிபாரதத்தில் பாண்டியன் மகள். நாட்டார் கதைப்பாடலான அல்லி அரசாணி மாலை, அருச்சுனனை மதுரையை ஆளும் அல்லியின் கணவனாக்குகிறது. கர்ண பருவத்து மலயத்துவசனின் பெயரையே பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மீனாட்சியாகிய தடாதகைப் பிராட்டியின் தந்தைக்குத் தருகிறது. அவன் மனைவி காஞ்சனமாலை, சூரசேனன் என்ற சோழனின் மகள். பாண்டியர்களும் இத்தொடர்பைப் பெருமையாகக் கருதினர். 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் முன்னோர் புகழாகச் சொல்கிறது.

வரலாற்றுச் சான்றுகள் வேறு வகையானவை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் கல்வெட்டுகள் பாண்டியரை மௌரியப் பேரரசின் எல்லைக்கு வெளியே உள்ளவராகக் குறிக்கின்றன. மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குன்றில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் காணப்படுகிறது. மகாபாரதமோ பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வளர்ந்த நூல். அதன் பாண்டியச் செய்திகள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. ஆகவே அவற்றைக் கொண்டு பாண்டியன் குருச்சேத்திரத்தில் போரிட்டான் என்று நிறுவ முடியாது. ஆனால் தென்னாட்டு முத்தும் சந்தனமும் அந்நாட்டை ஆண்ட அரசமரபின் பெயரும் வடநாட்டுப் புலவர்களை எட்டியிருந்தன என்பதற்கு அவை உறுதியான சான்றாகும்.