தண்டும் பாயும்

மரக்கலத்தைச் செலுத்தும் வலு இரண்டு: ஒன்று ஆளின் தோள், மற்றொன்று காற்று. பொறிப்படகுகள் வருமுன்னர் முல்லைத்தீவுக் கரையிலும் பூநகரிக் கடலிலும் இவ்விரண்டுமே வழங்கின. கரைவலை வளைக்கச் சென்றோர் தண்டு வலித்தனர்; நெடுந்தொலைவு சென்றோர் பாய் விரித்தனர். இவ்விரு வலுவையும் ஒரே கலத்தில் இணைத்து ஐரோப்பிய வரலாற்றின் போக்கையே மாற்றியோர், 8 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை நோர்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளில் வாழ்ந்த வடபுலத்தார் ஆவர். அவருட் கடலோடிய வீரரை வைக்கிங்குகள் என்பர்.

நோர்வேயின் கொக்ஸ்தாட் என்னுமிடத்தில், 1880 இல், புதைமேடொன்றினுள்ளிருந்து ஒரு மரக்கலம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அது ஏறத்தாழக் கி.பி. 890 இல் கட்டப்பட்டது. 23 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 5 மீற்றர் அகலமும் உடையது. ஓக்கு மரப் பலகைகளை ஒன்றன் விளிம்பின்மேல் ஒன்று படியுமாறு அடுக்கி, இரும்பாணியால் இறுக்கியிருந்தனர். பக்கத்துக்கு 16 ஆக 32 தண்டுகள் அதற்குண்டு. தண்டு நுழையும் துளைகளுக்கு மூடிகளும் அமைந்திருந்தன. பாய் விரித்துச் செல்லுங்கால் கடல்நீர் உட்புகாதவாறு அவை காத்தன. இக்கலத்தைப் போன்று கட்டப்பட்ட மற்றொன்று 1893 இல் அத்திலாந்திக்கு மாகடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது.

இத்தகைய கலங்களை மட்டும் நோக்கின், வடபுலத்தார் யாவரும் கொள்ளையரே என எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்தைத் திருத்துவன டென்மார்க்கின் றொஸ்கில்டேக் கடற்கழியில் 1962 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 5 மரக்கலங்கள். பகைவர் வரும் வழியை அடைக்க 11 ஆம் நூற்றாண்டில் வேண்டுமென்றே அமிழ்த்தப்பட்டவை அவை. அவற்றுள் ஒன்று 1042 இல் அயர்லாந்தின் டப்ளினிற் கட்டப்பட்ட போர்க்கலம். ஏறத்தாழ 30 மீற்றர் நீளமுடைய அதில் 60 தண்டுகள் இருந்தன. மற்றொன்று 16 மீற்றர் நீளமுடைய வணிகக்கலம். அதன் நடுப்பகுதி முழுவதும் பண்டத்துக்கே உரியது. முன்னும் பின்னும் சில தண்டுகளே உண்டு. அதனைச் செலுத்த ஆறெழுவர் போதும்.

இவ்வேறுபாட்டின் காரணம் தெளிவானது. போர் காற்றுக்காகக் காத்திராது. ஆதலின் தோள்வலு வேண்டும். வணிகமோ காத்திருக்கும், ஏறும் ஒவ்வோர் ஆளும் பண்டத்தின் இடத்தையும் உணவையும் குறைப்பான். கி.பி. 870 அளவில் ஐஸ்லாந்திற் குடியேறத் தொடங்கியோர், குடும்பத்தையும் கால்நடையையும் பாய்க்கலங்களிலேயே கொண்டு சென்றனர்.

சோழகமும் வாடையும் முறைமாறி வீசும் நம் கடலில், வணிகர் காற்றின் பருவமறிந்தே புறப்பட்டனர். ஆயினும், சோழரின் போர்க்கலங்களை வியந்து பேசும் நாம் அவ்வணிகரை மறந்துவிடுகின்றோம். ஒரு மக்களின் கடல் வரலாற்றை அவர்தம் போர்க்கலங்களைக் கொண்டு மட்டும் அளத்தல் தகாது. பண்டம் ஏற்றிச் சென்ற, பெயரறியாக் கடலோடிகளின் பாய்க்கும் அதில் இடமுண்டு.