சக்கர நாற்காலியில் ஒரு டாக்டரம்மா

போடிமெட்டுச் சாலையில் ஜீப் கவிழ்ந்தோ, இலவங்காய் பறிக்க ஏறி விழுந்தோ முதுகுத்தண்டு அடிபட்டால் "இனி அவ்வளவுதான்" என்று கட்டிலோடு விட்டுவிடுவதே நம் பக்கத்துப் பழைய வழக்கம். அப்படி அடிபட்டும் முடங்காத ஒருவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-இல் கொச்சி அருகே செராயியில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டரானார். 1954-இல் நண்பர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனது. ஜெபித்தும் கால்கள் திரும்பவில்லை.

கைகள் மிஞ்சின. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று வழிகாட்டினார் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் நரம்பு செயலிழந்து மடங்கிய விரல்களை, நல்ல தசைநாண் ஒன்றை மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை அது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அதைச் செய்தார். ஆண்டவர் தமக்கு விட்டுவைத்த ஊழியமாக அதை ஏற்றார்.

பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் அதற்கென நிலையம் திறந்தது. முதுகெலும்பு முறிந்தவர்கள் தாமாகக் குளிக்க, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, ஒரு தொழில் செய்யப் பழகினார்கள். கற்றுக்கொடுத்தவரும் அதே நாற்காலியில் இருந்தார் என்பதே அவர்களுக்குப் பாதி மருந்து.

1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1986-இல் மறைந்தார். நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. நம் மலையில் விழுந்து படுத்திருப்பவர் வீட்டுக்குப் போனால், ஆறுதலோடு இந்த அம்மாவின் கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.