நாற்காலி நகர்ந்த கதை

எங்க தாத்தா காமராசருக்கு ஓட்டுப் போட்டவர். 1954 குடியாத்தம் இடைத்தேர்தல். தோல் ஷாப்பில் வேலை முடித்து, சுண்ணாம்பு நாறும் கையோடு வரிசையில் நின்றதைச் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பெருமையாகச் சொல்லி முடிக்கிற நேரத்தில் ஒன்றைச் சேர்ப்பார்: "நாங்க ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே அவுரு முதல் மந்திரி ஆயிட்டாருடா. நாங்க போட்டது ரசீது."

சரக்கு எங்கே கைமாறியது என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. எம்.ஏ.வில் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. சங்க காலத்தில் அரசனை யார் முடிசூட்டினார்கள் என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள். சென்னை மாகாணத்தில் யார் சூட்டினார்கள் என்பது பாடத்தில் இல்லை.

மாகாணக் காங்கிரசுக்குத் தலைமை என்று ஒரு நாற்காலி இருந்ததில்லை, இரண்டு இருந்தன. ஒன்று சட்டமன்றக் கட்சித் தலைவர் நாற்காலி. அதில் உட்காருகிறவர் மந்திரிசபை அமைப்பார். மற்றது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் நாற்காலி. தேர்தலில் யாருக்குச் சீட்டு, யாருக்கு இல்லை என்பது அங்கே முடிவாகும். 1940இல் இந்த இரண்டாவதில் காமராசர் வந்து உட்கார்ந்தார்.

1946 தேர்தல் முடிந்ததும் காந்தி, படேல், ஆசாத் மூன்று பேருமே ராஜாஜியைத் தலைவராக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பே, ராஜாஜிக்கு எதிராக இங்கே ஒரு கும்பல் வேலை செய்கிறது என்கிற தோரணையில் காந்தி 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுத, காமராசர் மனம் நொந்து பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகியிருந்தார். சட்டமன்றக் கட்சி கூடியது. மேலிடத்தின் யோசனைக்கு ஆதரவு 38, எதிர்ப்பு 148. பிறகு நடந்த போட்டியில் பிரகாசம் 82, முத்துரங்க முதலியார் 69. இதைப் பார்ப்பனரல்லாதார் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிரகாசமும் பார்ப்பனர்தானே ஐயா! அங்கே மோதியது கோஷ்டியும் கோஷ்டியும், ஆந்திரமும் தமிழும்.

எனக்கு உறுத்துவது வேறு கணக்கு. 82க்கும் 69க்கும் வித்தியாசம் 13. பூனா ஒப்பந்தத்தால் அந்தச் சட்டமன்றத்தில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட இடங்கள் 30. அம்பேத்கரின் பெடரேஷன் துடைத்தெறியப்பட்ட தேர்தல் அது, ஆகவே அந்த இடங்களில் பெரும்பாலானவை காங்கிரஸ் கையில். அதாவது அந்த அறையில் யார் தலைவர் என்பதைத் தீர்மானிக்கப் போதுமான கைகள் நம்முடையவை. அந்தக் கைகளை ஒரு கோஷ்டியாகக்கூட எந்த வரலாற்றாசிரியரும் எண்ணியதில்லை. முதலியார் கோஷ்டி, ரெட்டியார் கோஷ்டி, ஆந்திரா கோஷ்டி என்று எழுதுகிறார்கள். முப்பது பேர் எந்தக் கோஷ்டி? கூட்டுத் தொகுதியில் சாதி இந்துக்களின் ஓட்டால் ஜெயித்து வந்தவர்கள் யாரைக் கேட்டுக் கை தூக்குவார்கள்? தனித்தொகுதி என்றால் என்ன, கூட்டுத்தொகுதி என்றால் என்ன என்று அம்பேத்கர் தொண்டை வறளக் கத்தியது இதற்காகத்தான்.

பிரகாசம் பதினோரு மாதம் நின்றார். 1947 மார்ச்சில் ஓமந்தூரார், 1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா. இப்படி முதல் மந்திரிகள் வந்து போனார்கள். கமிட்டி நாற்காலியிலிருந்த காமராசர் அசையவில்லை. 1952இல் காங்கிரசுக்கு 375இல் 152தான். பெரும்பான்மை இல்லாத நேரத்தில், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதல்வராக்கினார்கள்.

அவர் 1953இல் கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த கல்வித்திட்டம் தெரிந்ததுதான். மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். குயவர் பிள்ளைக்குச் சக்கரம், தச்சர் பிள்ளைக்கு உளி என்று பேசினார்கள். எங்க தாத்தாவின் அப்பா செத்த மாடு தூக்கியவர். அந்தப் பிள்ளை மத்தியானத்துக்கு மேல் எதைப் படிக்கும்?

எதிர்ப்பு வெடித்தது, ராஜாஜி இறங்கினார். 1954 மார்ச் 30. காமராசருக்கு எதிராக ராஜாஜி பக்கத்தின் ஆளாக சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராசர் 93, சுப்பிரமணியம் 41. காமராசரின் சாமர்த்தியம் அதற்கப்புறம்தான். தோற்ற இருவரையுமே எட்டுப் பேர் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கல்வித்திட்டம் கைவிடப்படுகிறது என்று மே மாதம் அறிவித்ததே சுப்பிரமணியம்தான்.

அப்போது காமராசர் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. அதனால்தான் குடியாத்தம். அதனால்தான் தாத்தாவின் ரசீது.

நன்றி கெட்டுப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். காமராசர் பிறந்த சாதியைக் கோயிலுக்குள் விடாதே என்று கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1899இல் சிவகாசி எரிந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தது சின்ன விஷயமல்ல. எங்கப்பா மதிய உணவுச் சோற்றைத் தின்று படித்தவர். நான் இதை எழுதுகிற எழுத்தில் அந்தச் சோறு இருக்கிறது. அந்த மந்திரிசபையில் பி. பரமேசுவரன் என்ற தலித்துக்கு அறநிலையத் துறையைக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். உள்ளே வராதே என்ற கோயில்கள் பூரணகும்பத்தோடு வாசலுக்கு வர வேண்டியதாயிற்று.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். காமராசர் முதல்வரான பிறகு, 1950களின் நடுவில், கமிட்டித் தலைவர் நாற்காலிக்கு வந்தவர் கக்கன். 1939இல் வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த கக்கன். ஒரு பறையர் தமிழ்நாடு காங்கிரசுக்கே தலைவர்! கேட்க நெஞ்சு நிமிரும். எப்போது வந்தார் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். முதல்வர்களை ஏற்றி இறக்கிய நாற்காலி அது, காமராசர் அதில் இருந்தவரைக்கும். அவர் எழுந்து கோட்டைக்குப் போனபோது அதன் அதிகாரமும் கூடவே போய்விட்டது. பலகையும் நாலு காலும் மிச்சமிருந்தபோது நம்மவரை உட்காரவைத்தார்கள். கக்கனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய நேர்மைக்கு முன்னால் நிற்கத் தகுதியுள்ள மந்திரிகளை விரல் விட்டு எண்ணலாம். நாற்காலியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இது காங்கிரசின் வியாதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஏழு வாரம்கூட ஆகவில்லை, 1969 பிப்ரவரி 3இல் அண்ணா இறந்தார், 10ஆம் தேதி கருணாநிதி முதல்வர். நெடுஞ்செழியனா, கருணாநிதியா என்று அந்த ஒரு வாரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். நான் படித்தவரைக்கும் அந்தப் பக்கங்களில் வெண்மணியின் சாம்பல் ஒரு துளி பறக்கவில்லை. சத்தியவாணி முத்து 1974இல் வெளியே வந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் தொடங்கியதும், மூன்று வருசத்தில் அது அ.தி.மு.க.வில் கரைந்ததும் தனியாக எழுத வேண்டிய கதை. 1920இல் முதல் மந்திரிசபை அமைந்த நாள் தொட்டு இந்த மண்ணில் ஒரு தலித் முதலமைச்சர் வந்ததில்லை.

1963க்குத் திரும்புகிறேன். காமராசர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். அக்டோபர் 2இல் பக்தவத்சலம் முதல்வரானார், ஒன்பது வருசத்துக்கு முன்னால் எதிர்த்தரப்பின் பெயரை முன்மொழிந்த அதே பக்தவத்சலம். கக்கன் அவர் மந்திரிசபையில் போலீஸ் இலாகா பார்த்தார். 1965 இந்தி எதிர்ப்பில் துப்பாக்கி சுட்டதற்கான வசவு முழுக்க அவர் தலையிலும் விழுந்தது.

செய்தி வந்த அன்று தாத்தா தோல் ஷாப்பில் ஊறல் தொட்டிக்குள் நின்றிருந்தாராம். கூட வேலை செய்த ஒருவர் கேட்டாராம்: "ஏன், கக்கன் அங்கதான இருக்காரு?"

மேஸ்திரி சிரித்துவிட்டாராம். தொட்டியிலிருந்த மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்களாம். கேட்டவர் யார் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தாத்தா பேச்சை மாற்றிவிடுவார்.